சாம்பலில் ஆற வேண்டிய இரும்பு

அத்தியாயம் 14

போன வாரம் பல்லியின் புருவத்தில் தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்ததோடு விட்டோம். ஏறிப் பழகுகிற சுவரிலிருந்த மரப் பிடி ஒன்று பிளந்து, அதில் மாட்டியிருந்த பனிக்கோடாரி விடுபட்டு, அவள் முகத்துக்கே திரும்பி வந்த கதையை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா, "இந்தத் தடவை புருவம். அடுத்த தடவை கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அம்மா திட்டினால் அந்த வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. பேசாமல் இருந்தால்தான் பயப்படுவார்கள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லி என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். சுவரைக் கண்டால் ஏறுகிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது? வயிற்றுப்பாட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மனசு முழுக்கப் பனிமலை. பனிமலை ஏறுகிறவர்கள் பனி கிடைக்காத மாதங்களில் அதே கோடாரிகளை வைத்துக்கொண்டு வெறும் பாறையிலும் பலகையிலும் தொங்கிப் பழகுவார்கள். அதற்காக வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் ஷெட்டில் ஒரு பலகைச் சுவர் நிற்கிறது. நேராக அல்ல, தலைக்கு மேல் கவிழ்ந்தாற்போல் நிற்கிறது. அதில் கோடாரியின் அலகை மாட்டித் தொங்கப் பிடிகள் உண்டு. மரப் பிடிகளை அந்த அலகு எலி மாதிரி கொறித்துவிடும். கொறிபட்டுக் கொறிபட்டுத்தான் போன வாரம் ஒன்று பிளந்தது.

"மரமே வேணாம்," என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் அப்பா. "இரும்புல செஞ்சு தரேன். உன் பேரப்பிள்ளைங்க வந்து தொங்கினாலும் தேயாது."

அப்பா பஸ் பணிமனையில் வெல்டர். சொன்னால் செய்கிற மனிதர். இந்த வாரத்து வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

காலையில் ஷெட்டில் நீலவெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் துண்டு துண்டாக அறுத்து வைத்திருந்தார் அப்பா. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் அலகு நுனி உட்கார ஒரு சின்னப் பள்ளம். அந்தத் துண்டைச் சுடச்சுடக் காய்ச்சி, ஒரு இரும்புத் தகட்டின்மேல் உதடு போல நிற்கவைத்துப் பற்றவைத்தார். தகட்டில் போல்ட்டுக்கு ஒரு பெரிய துளை, ஓரத்தில் ஸ்குரூவுக்கு ஒரு சின்னத் துளை.

"இந்தச் சின்ன ஓட்டை எதுக்குப்பா?"

"ஒத்தை போல்ட்டுல நின்னா நீ தொங்குறப்ப பிடி சுத்தும். சுத்தினா அலகு வழுக்கும். வழுக்கினா..." அவர் அவளுடைய புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செய்து முடித்தது ஐந்து பிடிகள். ஒவ்வொன்றையும் சூடு அடங்குவதற்குள் இடுக்கியால் தூக்கி, ஒரு பெரிய தகர டின்னில் சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்தார். இடது கையின் இரண்டு விரல்கள் அவருக்கு மடங்காது. போன வருஷம் இதே ஷெட்டில் தீப்பொறி பறந்து சாக்குமூட்டை பற்றிக்கொண்டபோது, அதைக் கையாலேயே இழுத்து வெளியே போட்டதன் மிச்சம் அது.

"எதுக்குப் புதைக்கறீங்க? காத்துலயே ஆறாதா?"

"இது சாதா இரும்பு இல்லடி. ஸ்பிரிங். உறுதி ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி. மெல்ல மெல்லத்தான் ஆறணும். அவசரப்பட்டு ஆறினா பத்தவச்ச இடத்தோரமா உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுடும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது, தங்கம் மாதிரி இருக்கும்."

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுல ஏறுற வீடியோ அனுப்பணும்பா. அனுப்பலைன்னா பனிமலை டீம்ல பேரு கிடையாது. நெட்டையும் நானும் ஜோடியா கொடுத்திருக்கோம். ஒருத்தி அனுப்பலைன்னா ரெண்டு பேரும் அவுட்."

நெட்டை என்பது பல்லியோடு ஒரே கயிற்றில் ஏறுகிற தோழி. அவள் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு பலகைச் சுவர், அதிலும் கொறிபட்ட மரப் பிடிகள்.

அப்பா முகக்கவசத்தைக் கழற்றி யோசித்தார். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

"ஆறிட்டா மாட்டு. ஆறலைன்னா தொடக்கூடாது. அவ்வளவுதான்."

"ஆறிட்டா மாட்டலாம்ல?"

"ஆறிட்டா மாட்டலாம்," என்றார் அவர்.

எவ்வளவு யோசனைக்காரராக இருந்தாலும் மனிதர் அந்த ஒரு வாக்கியத்தில் சறுக்கிவிட்டார். எப்படி ஆற வேண்டும் என்பதை மகளிடம் சொன்னார். எப்போது ஆறும் என்பதைச் சொல்லவில்லை.

*

அம்மா தையல்காரி. மகள் ஏறுவது பிடிக்காதே தவிர, பலகைச் சுவருக்குக் கீழே கிடக்கிற தடித்த மெத்தைக்குத் தார்பாய் உறை தைத்துக் கொடுத்ததே அவள்தான். மூன்று வரிசைத் தையல். "விழறதுதான் விழப்போற, கிழியாத மெத்தையில விழு" என்று சொல்லிக்கொண்டே தைத்தாள்.

மத்தியானம் வீட்டில் அவள் மட்டும். அப்பா பணிமனையில். பல்லி அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். யாரோ கொடுத்திருந்த திரைச்சீலைக்கு அம்மா ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது மூக்கில் அந்த வாசனை ஏறியது.

புகை.

மிஷினிலிருந்து எழுந்தது அவளுக்குத் தெரியாது. ஷெட் வாசலில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. மூலையில் தகர டின்னிலிருந்து மெல்லிய நூலாகப் புகை. சாம்பலில் கிடந்த கரித்துண்டு ஏதோ கனன்றிருக்க வேண்டும். பக்கத்திலேயே மரச்சட்டம், அதற்குப் பக்கத்தில் சாக்கு. போன வருஷமும் இப்படித்தான் ஒரு நூல் புகையில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஷெட் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் நிற்கிறது. வைத்தவள் அம்மா. தினமும் நிரப்புகிறவளும் அம்மா.

வாளியைத் தூக்கி அப்படியே டின்னில் கவிழ்த்தாள்.

டின் சீறியது. வெள்ளையாக ஆவி எழுந்து கூரையைத் தொட்டது. அந்தச் சீறலுக்கு நடுவே, உள்ளேயிருந்து சின்னச் சின்னதாக ஒரு சத்தம். யாரோ நகத்தால் கண்ணாடியைச் சுண்டுகிற மாதிரி.

அம்மா வாளியோடு நின்றாள். கல்யாணமான புதிதில், இதே மனிதர் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்த நாளில், இந்த மாதிரி டின்களுக்குச் சாம்பல் சலித்துப் போட்டவள் அவள். சாம்பல் டின்னில் என்ன இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது அவள் மனதில் ஒன்று வந்து போனது. நான் மறைக்கப்போவதில்லை. "கெட்டுப்போனா போகட்டும். பிடி இல்லைன்னா ஏறவும் மாட்டா. வீடியோவும் போகாது." அவ்வளவுதான். கண்ணிமைக்கிற நேரம். வந்ததும் தன்மேலேயே அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று.

அப்புறம் காலையெல்லாம் குனிந்தபடி நின்ற கணவனின் முதுகும், மடங்காத அந்த இரண்டு விரல்களும் ஞாபகம் வந்தன. என்னவென்று சொல்வாள் அவரிடம்? சேறாகிப்போன சாம்பலைச் சாக்கடையில் கொட்டினாள். பிடிகளை ஒவ்வொன்றாகப் பழந்துணியால் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிலும் ஒரு கீறல் இல்லை. மூட்டையிலிருந்து உலர்ந்த சாம்பலை அள்ளிப் போட்டு, பழையபடி புதைத்துவைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் வருவதற்கு முன்னால் மகள் வந்துவிட்டாள்.

*

பல்லி நெட்டையையும் கூட்டிக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போனாள். சாம்பலுக்குள் கையை விட்டாள், சுட்டுவிடுமோ என்று விரல் விரலாக. சில்லென்று இருந்தது.

"ஆறிடுச்சுடி."

"உங்கப்பா நாளைக்குத்தான்னு சொல்வார்னு பயந்துட்டே வந்தேன்," என்றாள் நெட்டை.

இருந்தாலும் பல்லி அப்பாவுக்குப் போன் போட்டாள். பணிமனையில் யாரோ கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஆறிடுச்சு. மாட்டிடறேன்."

"என்னது?"

"ஆறிடுச்சுப்பா. சில்லுனு இருக்கு."

"அதுக்குள்ளயா?" என்றது அப்பாவின் குரல். மேற்கொண்டு சொன்னதைக் கிரைண்டர் தின்றுவிட்டது. பல்லி "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

நெட்டை தன் பங்குக்கு ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவோடு நின்று ஏதோ பேசிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

மீதி நான்கையும் பல்லி பலகையில் பொருத்தினாள். பலகைக்குப் பின்னால் பதித்திருந்த நட்டில் போல்ட்டை ஏற்றி, முழு பலத்தோடு முறுக்கினாள். ஓரத்து ஸ்குரூவையும் மறக்கவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் செய்தாள். அதுதான் இதில் கொடுமை.

*

பணிமனையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த அப்பாவுக்கு வேலை ஓடவில்லை.

காலையில் புதைத்த இரும்பு. அவ்வளவு சாம்பலுக்குள். இந்நேரம் கையை வைத்தால் பொசுக்க வேண்டும். சில்லென்று எப்படி இருக்கும்? ஒருவேளை அவள் மேலாகத் தொட்டுப் பார்த்திருப்பாள். ஒருவேளை வெளியே எடுத்துவைத்து ஆறவிட்டிருப்பாள். இப்படி ஒருவேளைகளை அடுக்கிக்கொண்டே போனவர், போகப்போக எந்த ஒருவேளையையும் தாமே நம்பவில்லை. சாம்பல் அவ்வளவு சீக்கிரம் சூட்டை விடாது. யாராவது பிடுங்கினால்தான் உண்டு.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். அணைந்திருப்பதாகச் சொன்னது. வீடியோ எடுக்கும்போது நடுவில் அழைப்பு வரக்கூடாது என்று அவள் போனின் இணைப்பைத் துண்டித்து வைப்பது வழக்கம் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

மனைவிக்குப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது.

"சார், நான் கிளம்பறேன்," என்றார் மேற்பார்வையாளரிடம்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார்.

அவர் போட்ட போன் தையல் மிஷின்மேல்தான் அடித்தது. திரையில் அவர் முகம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்தால் சொல்ல வேண்டும். அது நின்றபோது ஷெட்டிலிருந்து டங் என்று சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு மாட்டுகிற சத்தம். சற்று விட்டு இன்னொரு டங்.

அம்மா எழுந்து ஓடினாள்.

*

பல்லி மூன்றாவது இரும்புப் பிடிக்குப் போய்விட்டிருந்தாள். தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டியிருந்தாள். இரண்டு கோடாரிகளையும் ஒரே பிடியில் மாட்டி, முதுகு தரையைப் பார்க்கத் தொங்கிக்கொண்டு, அடுத்ததைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். மேஜைமேல் போன் சிவப்புப் புள்ளியோடு பதிவு செய்துகொண்டிருந்தது.

"இறங்கு," என்றாள் அம்மா.

பல்லி திரும்பக்கூட இல்லை. "அம்மா, வீடியோ ஓடுது. பேசாத."

"இறங்குடி."

"நீ தினம் பாடற பாட்டுதானே. முடிச்சுட்டு வரேன்."

உண்மைதான். வருஷக்கணக்காகத் தினமும் சொன்ன வார்த்தை அது. சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதும் இறங்கு, கோபத்திலும் இறங்கு, சும்மாவும் இறங்கு. இன்றைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது அந்த வார்த்தையில் சத்தே இல்லை. தானே பிழிந்து எடுத்துவிட்டோம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஷெட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஏறுகிறவளுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. கோடாரி நழுவினால் கீழே இருப்பவர் மண்டைதான். அம்மா செருப்பைக் கழற்றினாள். தான் தைத்த மெத்தைமேல் ஏறி, மகளுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"அம்மா, தள்ளு. விளையாடாத."

"மத்தியானம் சாம்பல் டின்ல தண்ணி ஊத்திட்டேன். சூட்டோட. புகை வந்துச்சு, பயத்துல ஊத்திட்டேன். அப்புறம் துடைச்சு, வேற சாம்பல் போட்டு வச்சேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "நீ இறங்கற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

பல்லி கீழே பார்த்தாள். அம்மாவின் முகம் மேலே நிமிர்ந்து நின்றது, கண் கொட்டாமல்.

அப்போது பிடியிலிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

பல்லி மூச்சை நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கையில் கோடாரிக் காம்பு வழுவழுத்தது. குதித்தால் அம்மாமேல். கோடாரியை விட்டால் அதுவும் அம்மாமேல்.

"ஆட்டாத." ஷெட் வாசலில் அப்பா. எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவே இல்லை அவர். "இழுக்காத. இடது கோடாரியை மட்டும் எடு. கீழ பழைய மரப் பிடி இருக்குல்ல, அதுல மாட்டு. மெதுவா."

"அம்மாவைத் தள்ளச் சொல்லுங்க."

"ஏம்மா, தள்ளு."

"மாட்டேன்," என்றாள் அம்மா.

அலகு மரத்தில் மாட்டியது. பல்லி பாரத்தை இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். வலது கோடாரியையும் எடுத்தாள். கால் ஒரு கட்டையைத் தேடிக் கண்டுபிடித்தது. பிறகு இன்னொன்றை. கடைசியில் அவள் மெத்தையில் கால் வைத்தபோது அம்மா அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

அப்பா நான்கு பிடிகளையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். முதலாவது பேசியது. இரண்டாவதும் பேசியது. நான்காவது தொண்டை கட்டியதுபோல் முனகியது.

பல்லி தொங்கிக்கொண்டிருந்த மூன்றாவதைத் தட்டினார். உதடு கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் மினுமினுத்தது.

எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற பல்லி, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். புருவத்துத் தையல் விண்விண்ணென்று தெறித்தது.

"தெரியாம ஊத்திட்டேங்க," என்றாள் அம்மா.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். "உனக்கா தெரியாது?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவர் அப்படிக் கேட்கவில்லை. அவளைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா மறுபடி மேஜையைப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்தார். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"அஞ்சு செஞ்சேன். இன்னொண்ணு எங்க?"

பல்லி கையிலிருந்த துண்டை மேஜைமேல் போட்டாள். "நெட்டை எடுத்துட்டுப் போனா. அவளும் இன்னைக்குத்தான் வீடியோ எடுக்கறா."

போனை எடுத்தாள். பதிவு இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, இணைப்பை உயிர்ப்பித்து, எண்ணை அழுத்துவதற்குள் விரல் இரண்டு தடவை தப்பியது. மறுமுனையில் மணி அடித்தது. எடுப்பாரில்லை. மறுபடி போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

மணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அம்மா பேசினாள். யாரும் கேட்காமலே பேசினாள்.

"போறப்ப வாசல்ல நின்னு என்கிட்ட பிரிச்சுக் காட்டினா. நல்லா வந்திருக்கா ஆன்ட்டின்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?" என்றாள் பல்லி.

"நல்லா வந்திருக்குன்னேன்."

தன் மகள் தொங்கியபோது கோடாரிக்குக் கீழே தலையைக் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள். அதே நாளில், அதே வாயால், இன்னொருத்தி பெற்ற பெண்ணிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மூவரும் அதையேதான் நினைத்தார்கள்.

மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். தூரத்தில் டங் என்று இரும்பில் இரும்பு மாட்டுகிற சத்தம். அப்புறம் மூச்சிரைக்க ஒரு வயதான குரல். நெட்டையின் அம்மா.

"யாரு, பல்லியா? அவ மேலதான் தொங்கிட்டு இருக்கா. இறங்கு இறங்குன்னு நானும் கத்திட்டேதான் இருக்கேன். எங்க கேக்கறா?"

அம்மா கையை நீட்டி, பல்லியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.